வியாழக்கிழமைக் கடல்

சித்திரையில் ஒரு பின்னேரம் ரொறன்ரோவிலிருந்து அக்கா வீடியோவில் அழைத்தாள். ஆடியில் அத்தானும் அவளும் இத்தாலியில் நாங்கள் இருக்கும் பலேர்மோவுக்கு வருகிறார்களாம். டிக்கெட் போட்டாயிற்று, பன்னிரண்டு நாள் நிற்பார்கள்.

"கோயில், மியூசியம் ஒண்டும் வேண்டாம். எங்களுக்குக் கடற்கரை ஊருகள்தான் வேணும். நீ இருபத்திநாலு வரியமா அங்கை இருக்கிறாய். எந்த ஊருக்குப் போறது, எப்பிடிப் போறது எண்டு ஒரு லிஸ்ட் எழுதி அனுப்பு."

"ஓம் அக்கா, அதென்ன பெரிய வேலை," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்றைக்கே மகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு மேசையில் இருந்தேன். முதலாவது, மொண்டெல்லோ என்று எழுதினேன். அதற்குப் பிறகு பேனை நகரவில்லை. மொண்டெல்லோவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நான் வீட்டுவேலை செய்யும் சின்யோராவின், எசமானி அம்மாவின், கோடைகால வீடு அங்கேதான் இருக்கிறது, கடலுக்கு நேர் முன்னால். அந்த வீட்டில் பதினெட்டு யன்னல்கள். உப்புக்காற்றில் அவற்றின் கண்ணாடி எத்தனை நாளைக்கு ஒருமுறை மங்கும் என்று தெரியும். வெளியிலிருந்து வருகிறவர்களின் காலில் ஒட்டி வரும் மணல் எந்த மூலையில் போய்ச் சேரும் என்று தெரியும். பதினாறு கோடை அங்கே வேலை செய்திருக்கிறேன். கடல் தண்ணீர் சூடா குளிரா என்று கேட்டால் தெரியாது.

இரண்டாவது, செஃபலூ. ஒருமுறை போயிருக்கிறேன், சின்யோராவின் உறவினர் ஒருவரின் வீட்டைக் கலியாணத்துக்கு முதல் கழுவிக் கொடுப்பதற்காக. காரில் கொண்டுபோய் இறக்கி, காரில் கொண்டுவந்து விட்டார்கள். மூன்றாவதாக எழுத ஒன்றும் இல்லை.

எனக்கு வெட்கம் வந்தால் அது அரை மணித்தியாலத்தில் கோபமாகிவிடும். கோபம் வந்தால் ஏதாவது செய்யாமல் விடமாட்டேன். என் கணவருக்கு இது நன்றாகத் தெரியும். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, எழுந்து தேத்தண்ணி போடப் போனார்.

அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்குமுன் முடிவு செய்துவிட்டேன். ஆடி வருவதற்குள் ஒவ்வொரு வியாழன் பின்னேரமும் ஒரு கடற்கரை ஊர். தனியாகப் போவது, நடந்து பார்ப்பது, எழுதுவது.

வீட்டு வேலைக்காரருக்கு இந்த நாட்டில் வியாழன் பின்னேரம் ஓய்வு. அது பழைய வழக்கம். ஞாயிறும் ஓய்வுதான், ஆனால் எனக்கு ஞாயிறு கிடையாது. விடுமுறைக்கு வாடகைக்கு விடும் இரண்டு வீடுகளில் பழைய ஆட்கள் போய்ப் புது ஆட்கள் வருமுன் கழுவித் துடைத்து விரித்து வைப்பது என் ஞாயிறு. ஆகவே கிழமையில் எனக்கென்று இருப்பது வியாழன் பின்னேரம் ஒன்றுதான். அதை இவ்வளவு காலமும் எங்கள் பெண்கள் எல்லாரையும்போலவே செலவழித்தேன். பல்லரோச் சந்தையில் வெண்டிக்காயும் கறிவேப்பிலையும் வாங்குவது, வியா மக்வேதா வீதியில் மேலும் கீழும் நடப்பது, யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள், யாருடைய பெர்மெஸ்ஸோ, வதிவிட அனுமதி, இன்னும் வரவில்லை என்று நின்று கதைப்பது. இனிமேல் வரமாட்டேன் என்று சொன்னபோது சந்தையில் ஒருத்தி சிரித்தாள்.

"உனக்கு வியாழமாற்றம் வந்திட்டுதடி. எத்தினையாம் வீட்டிலையோ தெரியேல்லை," என்றாள்.

"வீட்டிலை இல்லை, வீட்டுக்கு வெளியிலை," என்றேன்.

முதல் வியாழனே பிழையாய்ப் போயிற்று. ரயில் வரைபடத்தில் இசோலா தெல்லே ஃபெம்மினே என்று ஒரு பெயரைக் கண்டேன். பெண்களின் தீவு என்று பொருள். பெண்களின் தீவு என்றால் அக்காவுக்குப் பிடிக்கும் என்று ரயில் ஏறிப் போய் இறங்கி, கடற்கரைக்கு நடந்து, அங்கே கோப்பிக் கடை வைத்திருந்த மனிதரிடம் தீவுக்குப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கள் நிற்பதுதான் இசோலா தெல்லே ஃபெம்மினே" என்றார். ஊருக்குத்தான் தீவு என்று பெயர். எதிரே கடலில் இடிந்த கோபுரம் ஒன்றோடு ஒரு சின்னத் திட்டு கிடக்கிறது, அவ்வளவுதான். முந்தி அங்கே பெண்களை அடைத்து வைத்தார்கள் என்று அவர் சொன்னார். அப்படி ஒன்றும் இல்லை, வேறு ஏதோ பெயர் திரிந்து இப்படி ஆகிவிட்டது என்று உள்ளே இருந்து அவருடைய மனைவி சத்தம் போட்டாள். இருவரும் அதைப் பற்றி வாக்குவாதப்படத் தொடங்கினார்கள். நான் கொப்பியில் எழுதினேன்: படகு இல்லை. பெண்களும் அடைபட்டிருக்கவில்லைப் போலத் தெரிகிறது. கக்கூசு சுத்தம், ஆனால் கோப்பி குடித்தால்தான் சாவி தருவார்கள்.

என் கொப்பியில் எந்த ஊருக்கும் முதலில் கக்கூசு, அடுத்தது நிழல், பிறகுதான் காட்சி. உல்லாசப் பயணிகளுக்காக எழுதுகிறவர்கள் சூரியன் மறையும் அழகையே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அக்காவைப்போல அறுபது வயதை நெருங்கும் பெண் ஒருத்தி வெயிலில் மூன்று மணித்தியாலம் நடந்தால் அவளுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அத்தானுக்காக, எந்தக் கடையில் பன்றி இறைச்சி படாமல் சாப்பாடு கிடைக்கும் என்றும் எழுதினேன். எந்த ரயில் பிந்தும் என்று எழுதத் தொடங்கி, எல்லாமே பிந்தும் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டேன்.

போர்த்திச்செல்லோ துறைமுகத்தில் வள்ளங்களுக்குப் பக்கத்தில் கணவாய் வாங்கி, அது பையிலிருந்து சொட்டச் சொட்ட ரயிலில் வந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார்கள். எனக்குக் கால் நீட்டி இருக்க வசதியாயிற்று.

செஃபலூவில்தான் அதிகம் எழுதினேன். பெரிய தேவாலயம் இருக்கிறது, பின்னால் மலை இருக்கிறது, எல்லாரும் அவற்றைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நான் ஒரு ஒழுங்கையால் போய், வளைந்து இறங்கும் படிகளில் இறங்கினால், கீழே கல்லால் கட்டிய பழங்காலத்துச் சலவைத் துறை. இரும்பு வாய்களிலிருந்து தண்ணீர் விழுந்து, தொட்டி தொட்டியாக ஓடி, கடலுக்குப் போகிறது. தொட்டிகளின் விளிம்பில் சரிந்த கற்கள். அந்தக் கல்லில்தான் பெண்கள் நூற்றாண்டு கணக்காகத் துணி கும்மியிருக்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரி தன் கழுத்துச் சால்வையை அந்தக் கல்லில் தேய்ப்பதுபோலக் குனிந்து நின்றாள், அவள் புருஷன் படம் எடுத்தான். இருவருக்கும் நல்ல சந்தோஷம். நான் போய் அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று தேய்ந்து போயிருந்தது. கல்லே இப்படித் தேய்ந்தால் குனிந்து நின்ற முதுகு எப்படியிருக்கும்? உயிரோடு கழுவும்போது ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, செத்துப் பல காலமான பிறகு படம் எடுக்க வரிசையில் வருகிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் எழுதினேன்: "அக்கா, இதைக் கட்டாயம் பாருங்கோ. இடுப்பை நினைச்சுக்கொண்டு பாருங்கோ."

ஆனி பிறந்ததும் சின்யோரா மொண்டெல்லோ வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். எண்பதைத் தாண்டிய விதவை. குரல் கொஞ்சம் பெரிது, மனம் கெட்டதல்ல. என்னை "என் செல்வமே" என்றுதான் கூப்பிடுவார், அதே வாயால் யன்னல் விளிம்பில் விரலை ஓட்டித் தூசும் பார்ப்பார்.

ஒருநாள் மத்தியானம் சரியான வெக்கை. அவர் பக்கத்து வீட்டுச் சினேகிதியிடம் போகப் புறப்பட்டு, வாசலில் நின்று என்னைப் பார்த்து, "இன்றைக்கு இந்தச் சூட்டில் வேறு வேலை வேண்டாம். போய் பான்யோ செய்," என்றார்.

இந்த இடத்தில் ஒரு சொல்லை விளக்க வேண்டும். பான்யோ என்றால் குளியலறை. பான்யோ செய்வது என்றால் எங்கள் பெண்களின் கதையில் குளியலறை கழுவுவது. "நான் இண்டைக்கு நாலு பான்யோ செய்தனான், கை எரியுது" என்போம். இத்தாலிக்காரருக்கோ அதே சொல் கடலில் குளிப்பதும்தான். எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். என் மகள் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தால் கடலுக்குப் போகும்போதெல்லாம் "மம்மா, பான்யோ செய்யப் போறன்" என்று துள்ளியிருக்கிறாள். ஆனால் ஒரு சின்யோரா தன் வீட்டு வாசலில் நின்று என்னிடம் சொன்னால் அந்தச் சொல்லுக்கு ஒரேயொரு பொருள்தான் என் காதில் விழும்.

காலையில்தானே கழுவினேன், இதில் என்ன குறை கண்டார் என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டு கையுறையை மாட்டினேன். போகும் வழியில் கதிரையில் ஒரு புதுத் துவாய் மடித்துக் கிடந்தது. அழுக்காயிருக்கும் என்று எடுத்து மெசினுக்குள் போட்டேன். பிறகு முழங்காலில் இருந்து, பழைய பல் பிரஷ் ஒன்றால், மாபிள்களுக்கு இடையில் இருக்கும் கோடுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். அவர் திரும்பி வந்தபோது நான் இன்னும் அங்கேதான் இருந்தேன்.

"என்ன செய்கிறாய்?"

"பான்யோ, சின்யோரா."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "கடலுக்குப் போகச் சொன்னேன், பெண்ணே. உனக்குத் துவாய்கூட எடுத்து வைத்தேனே, எங்கே அது?" என்றார். மெசின் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. ஆட்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நன்றாக அழுதேன். அவர் என்னை அவமானப்படுத்தியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. மனமிரங்கித் தந்த ஒன்றை, தருகிறார் என்றே விளங்காமல், மண்டியிட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். இருபத்திநாலு வருடத்தில் என் காதை நானே இப்படிப் பழக்கி வைத்திருக்கிறேனா என்று என்மேல்தான் கோபம். வீட்டுக்கு வந்ததும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். அக்கா வரும்போது, ஒரு வியாழன் பின்னேரம், மொண்டெல்லோவில், அந்த வீட்டுக்கு முன்னாலேயே நான் கடலில் இறங்குவேன். அனுமதியாகவும் இல்லை, இரக்கமாகவும் இல்லை, என் ஓய்வு நாளில் என் பாட்டில் இறங்குவேன்.

அக்கா வருவதற்கு ஒரு கிழமை முதல் சின்யோரா குண்டைப் போட்டார். அவருடைய சினேகிதிகள் பத்துப் பேர் இந்தக் கோடை முழுவதும் வியாழன் பின்னேரம் அவர் வீட்டில் கூடிக் காட்ஸ் விளையாடப் போகிறார்களாம். அவர்கள் வியாழனைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் கேட்டால் சிரிப்பு வரும். அன்றைக்குத் தங்கள் தங்கள் வீட்டில் வேலைக்காரர் இல்லை, கோப்பி போட்டுத்தர ஆளில்லை. ஆகவே எல்லாரும் இன்னொரு வீட்டுக்குப் போகிறார்கள். அந்த இன்னொரு வீட்டு வேலைக்காரி நான்.

"வியாழனுக்குப் பதில் செவ்வாய் எடுத்துக்கொள். உனக்கு எல்லாம் ஒன்றுதானே," என்றார்.

பதினாறு வருடத்தில் நான் அவரிடம் மாட்டேன் என்று சொன்னதில்லை. "வியாழன் முடியாது, சின்யோரா," என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"அப்படியானால் ஆள் போடு," என்றார்.

ஆள் போடுவது எங்களுக்குள் ஒரு முறை. லீவில் போகிறவள் தனக்குப் பதிலாகத் தன் ஆட்களில் ஒருத்தியைத் தானே பிடித்து, பழக்கி, வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதில் ஒரு பயமும் இருக்கிறது. போட்ட ஆள் நல்ல ஆளாக அமைந்தால் வீடு, அதாவது அந்த வீட்டு வேலை, அவளோடேயே நின்றுவிடும். அப்படி வீடு இழந்தவர்கள் எங்களுக்குள் எத்தனையோ பேர். நான் கேட்டவர்கள் எல்லாரும் கையை விரித்தார்கள். யார் தன் வியாழனை விடுவாள்? கடைசியில் பல்லரோவில் நாங்கள் சாமான் வாங்கும் கடையில் ஒருத்தியைக் காட்டினார்கள். மன்னார்ப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். வந்து ஏழு மாதம், நிரந்தரமான வீடு ஒன்றும் இல்லை, அங்கொரு நாள் இங்கொரு நாள் வேலை. கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வாறன் அக்கா. எந்த நாளெண்டாலும் வாறன்."

அவளைப் புதன்கிழமை கூட்டிக்கொண்டு போய் எல்லாம் காட்டினேன். சின்னக் கோப்பைகள் இடது தட்டில். சின்யோரா மணியடித்தால் ஓடக்கூடாது, நடந்து போக வேண்டும். என் வெள்ளை ஏப்ரனை அவளுக்குக் கட்டிவிட்டேன். அவள் எல்லாவற்றுக்கும் ஓம் அக்கா, ஓம் அக்கா என்றாள். பயந்த சுபாவம், ஆனால் கை சுறுசுறுப்பு. வீடு போய்விடுமோ என்று எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. போனால் போகட்டும், வியாழனை விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அக்காவும் அத்தானும் வந்தார்கள். என் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தாங்களே போனார்கள். செஃபலூவிலிருந்து அக்கா சலவைக் கல்லின் படத்தை அனுப்பி, "இடுப்பை நினைச்சன்" என்று எழுதியிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வியாழன் வந்தது. மொண்டெல்லோவில் காசு கட்டிப் போகும் பகுதியைத் தாண்டி, எல்லாருக்கும் பொதுவான மணலில் துவாயை விரித்தோம். அத்தான் குடையின் கீழ் போய்ப் படுத்தவர் படுத்தவர்தான். நான் கறுப்புக் காற்சட்டையும் முழங்கால்வரை தொங்கும் சட்டையும் போட்டிருந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. ஆனால் மொண்டெல்லோக் கடல் நடந்து போகக்கூடிய கடல். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று மெல்ல மெல்லத்தான் ஏறும். தண்ணீர் சூடும் இல்லை, குளிரும் இல்லை. பதினாறு வருடமாகத் தெரியாமல் இருந்தது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்து எத்தனை காலம் என்று எனக்கே தெரியாது. அக்காவும் பின்னால் வந்துவிட்டாள், தொப்பி நனையாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு.

"நீ ஒவ்வொரு நாளும் இதிலை குளிக்கிறாய் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்," என்றாள்.

"இண்டைக்குத்தான் அக்கா முதல் நாள்."

அவள் தண்ணீருக்குள் என் கையைப் பிடித்தாள்.

அப்போதுதான் கரைப் பக்கம் திரும்பினேன். அந்த வீட்டைக் கடலிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. பதினெட்டு யன்னல்களும் பளபளவென்று இருந்தன, என் கைவேலை. மேல் மாடி பல்கனியில் பெண்கள் மேசையைச் சுற்றி இருந்தார்கள். வெள்ளை ஏப்ரனோடு மன்னார்ப் பிள்ளை தட்டத்தை ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள். தட்டத்தை வைத்துவிட்டு, பல்கனிக் கம்பியருகில் வந்து, கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சின்யோரா மணி அடித்திருக்க வேண்டும், திரும்பினாள். ஓடவில்லை, நான் சொல்லிக் கொடுத்தபடி நடந்துதான் போனாள்.

"ஆரடி அது?" என்று அக்கா கேட்டாள்.

"நான் போட்ட ஆள்."

அவள் சந்தோஷமாகத்தான் வந்தாள். எனக்கு மூன்று தரம் நன்றி சொன்னாள். அந்த வேலை அவளுக்குத் தேவையாகவும் இருந்தது. இதெல்லாம் உண்மை. ஆனாலும் எனக்குத் தண்ணீரில் நிற்க முடியவில்லை. என் வியாழனை மீட்பதற்கு அவளுடைய வியாழனை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அதுவும் என் கையாலேயே ஏப்ரன் கட்டிவிட்டு. பல் கடித்து நின்று வென்றது இதைத்தானா? எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. கரைக்கு வந்து தலையைத் துவட்டினேன்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனேன். சின்யோரா வாசலிலேயே நின்றார், நல்ல சந்தோஷம்.

"உன் பெண் ஒரு முத்து. சத்தமே இல்லை. இனி வியாழன் அவள் வரட்டும், மற்ற நாளெல்லாம் நீ. எல்லாருக்கும் சரிதானே?"

சரிதான். நான் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் வீடும் பிழைக்கும், வியாழனும் பிழைக்கும். இரவெல்லாம் நான் பயந்தது நடக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்தைவிட இது எனக்கு மோசமாகப் பட்டது.

"இல்லை, சின்யோரா," என்றேன். "வியாழன் பின்னேரம் இந்த வீட்டில் ஒருவருக்கும் வேலை இல்லை. எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. அவளுக்குக் கிழமையில் ஒரு நாள் நிரந்தரமாகக் கொடுங்கள், செவ்வாய் காலை. இந்த வீட்டுக்கு யன்னல் பதினெட்டு, எனக்கு ஐம்பத்திமூன்று வயது, தனிய முடியாது. வியாழன் மத்தியானம் போகுமுன் நான் கோப்பியைச் சூடு ஆறாத போத்தலில் ஊற்றி, கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டுப் போவேன்."

"யார் ஊற்றிக் கொடுப்பது?"

"பத்துப் பேருக்கு இருபது கை இருக்கிறது, சின்யோரா."

"கோப்பைகளை?"

"வெள்ளி காலை நான் கழுவுவேன்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் போனார். சனியும் என்னோடு கதைக்கவில்லை. வீடு போயிற்று என்று கணவரிடம் சொன்னேன். அவர் வழக்கம்போலத் தேத்தண்ணி போட்டார். திங்கள் காலை சின்யோரா யன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, என் பக்கம் திரும்பாமலே, "செவ்வாய் எட்டு மணிக்கு வரச் சொல். பிந்தக்கூடாது," என்றார். மனம் மாறினாரா, கண்ணாடி மங்கியதைக் கண்டாரா என்று நான் ஆராயவில்லை.

அடுத்த வியாழன் அக்காவுக்கும் அத்தானுக்கும் பலேர்மோவில் கடைசிப் பின்னேரம். போத்தலில் கோப்பியை ஊற்றி வைத்துவிட்டு ஒரு மணிக்கு வெளிக்கிட்டேன். மன்னார்ப் பிள்ளையை பஸ் தரிப்பிடத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். சப்பாத்தோடு வந்து மணலில் குந்தினாள், பையை மடியில் வைத்துக்கொண்டு.

"இறங்கும், பிள்ளை. ஏன் இருக்கிறீர்?" என்றேன்.

"இந்த உடுப்போடையோ அக்கா?"

"உம்மைப் பாக்க ஆர் வந்தது? இறங்கும்."

சப்பாத்தைக் கழற்றி ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள். பிறகு நடக்கவில்லை, ஓடினாள். முழங்கால் ஆழத்தில் ஓடி, இடுப்பு ஆழத்தில் விழுந்து, காணாமல் போனாள். நான் பதறி எழுந்தேன். வெகு தூரத்தில் தலை தெரிந்தது. கையை மாற்றி மாற்றிப் போட்டு, மிதவைகளையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். நீந்தத் தெரியாத நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று, "போதும் பிள்ளை, திரும்பி வாரும்!" என்று தமிழில் கத்திக்கொண்டிருந்தேன். மொண்டெல்லோவே திரும்பிப் பார்த்தது.

அவள் ஆறுதலாகத் திரும்பி வந்தாள். தலைமயிரைப் பிழிந்துகொண்டு எங்களுக்குப் பக்கத்தில் நின்றாள். தகப்பன் கடற்றொழில்காரன், நடக்க முதலே தான் நீந்தியதாகச் சொன்னாள். வேலைக்கு வந்த அன்றைக்கு அவள் கதைத்ததை எல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது.

"இப்பிடி நீந்துறீர். ஏழு மாதமா இஞ்சை இருந்தும் ஏன் ஒருக்காலும் வரேல்லை?" என்று அக்கா கேட்டாள்.

"கடல் இருக்கெண்டு தெரியும் அக்கா," என்றாள். "நாங்களும் இறங்கலாமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

சொல்லிவிட்டு மறுபடியும் தண்ணீருக்குள் போனாள்.